வடக்கே போன கூண்டு வண்டி

எமது பாடசாலையின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரையொன்று எழுதித் தருமாறு ஆசிரியர் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். இலக்கியமோ வரலாறோ கற்பிக்கும் தகுதி எனக்கில்லை. இயந்திரங்களோடு பழகித் தொழில் செய்பவன் நான். ஆயினும், 2024 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் எமது குடும்பம் மேற்கொண்ட பயணத்தைப் பற்றி என் மகள் வகுப்பில் பேசியிருக்கிறாள் போலும். "அந்த வண்டியை எவ்வாறு ஆயத்தப்படுத்தினீர்கள் என்பதையே எழுதுங்கள், பிள்ளைகள் விரும்பிப் படிப்பார்கள், பெற்றோருக்கும் பயன்படும்" என்று ஆசிரியை ஒருவர் கூறினார். எனவே ஆறுகளையும் காடுகளையும் வருணிப்பதைக் குறைத்துக்கொண்டு, ஆயத்தங்களைப் பற்றியே பெரிதும் எழுதுகிறேன்.

நாம் சென்ற இடம் கியூபெக் மாகாணத்தின் வடபகுதியிலுள்ள யேம்ஸ் குடாப் பிரதேசம். விட்பியிலிருந்து மற்றகாமி என்னும் சிற்றூர் ஏறக்குறைய 900 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து றடிசன் வரை 620 கிலோமீற்றர் நீளமான ஒற்றை நெடுஞ்சாலை வடக்கே செல்கிறது. நீர்மின் திட்டத்துக்காக 1971 இல் தொடங்கி 1974 இல் அமைத்து முடிக்கப்பட்ட இச்சாலைக்கு, கிறீ மக்களின் தலைவராக விளங்கிய பில்லி டயமண்டின் பெயர் 2020 ஆம் ஆண்டில் சூட்டப்பட்டது. முழுவதும் தார் இடப்பட்ட சாலைதான். ஆனால் 620 கிலோமீற்றருக்குள் எரிபொருள் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று. அது 381 ஆவது கிலோமீற்றரில் இருக்கிறது. சாலையின் பெரும் பகுதியில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. இடையிடையே அவசரத் தொலைபேசிகள் உள்ளன, அவ்வளவே. 2023 யூன் மாதத்தில் காட்டுத்தீ காரணமாகச் சாலை மூடப்பட்ட செய்தியை வாசகர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும்.

இத்தகைய இடத்துக்கு எழுபத்தாறு வயதான தந்தையாரையும் தாயாரையும் பத்து வயதுச் சிறுமியையும் அழைத்துச் செல்ல வேண்டிய அவசியம் என்ன என்று நண்பர்கள் வினவினார்கள். விருப்பம் தந்தையாருடையது. எழுபதுகளில் அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயமும் புகையிலையும் ஏற்றிக்கொண்டு கண்டி வீதியால் கொழும்புக்குப் பாரவூர்தி ஓட்டியவர். 1990 இல் அந்த வீதி மூடப்பட்டது; 2002 இல் அது திறக்கப்பட்டபோது அவர் இந்நாட்டில் இருந்தார். "தம்பி, ஒரு றோட்டை அது முடியுமட்டும் ஓடிப் பாக்கவேணும்" என்று அவர் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். யேம்ஸ் குடாச் சாலை அவ்வாறு முடிகின்ற ஒரு சாலை. அவருக்கு நீரிழிவு உண்டு. நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்பவர். மருந்தைக் குளிர்நிலையில் பேண முடியுமானால் மட்டும் போகலாம் என்று வைத்தியர் கூறினார். ஆகவே எமது ஆயத்தங்கள் யாவும் ஒரு சிறு மருந்துப் பெட்டியைச் சுற்றியே அமைந்தன என்று சொல்வது மிகையாகாது.

முதலில் வண்டி. விட்பியில் வாழ்பவர்களுக்குப் பிக்கப் வண்டி புதிய பொருளன்று. அயல் நகரான ஒசாவாவில் அவற்றைச் செய்கிறார்கள். அந்த நகரின் கதையே சுவையானது. றொபேர்ட் மக்லோக்லின் என்பவர் 1876 இல் தமது குதிரை வண்டித் தொழிற்சாலையை ஒசாவாவுக்குக் கொண்டு வந்தார். 1907 இல் அதே குடும்பத்தினர் மோட்டார் வண்டி செய்யத் தொடங்கினர். 1918 இல் அது கனடிய ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனமாயிற்று. மரச்சில்லு வண்டி செய்த ஊரே இன்று பிக்கப் செய்கிறது என்று மகளுக்குச் சொன்னபோது, தந்தையார் குறுக்கிட்டு, வண்டியின் உறுப்புகளை அவளுக்கு எழுதிக்காட்டத் தொடங்கிவிட்டார். குடம், ஆரக்கால், வட்டை, அச்சு, கடையாணி, நுகம், பூட்டாங்கயிறு. இச்சொற்களைத் தம் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்குமாறு பெற்றோரை வேண்டிக்கொள்கிறேன். எனக்கே இரண்டு தெரியவில்லை.

பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, அதன் முதுகில் ஏற்றிவைக்கும் கூண்டு ஒன்றையும் தனியாக வாங்குவதென முடிவு செய்தோம். இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியைக் காட்டிலும் முதுகில் சுமக்கும் கூண்டு ஒடுங்கிய இடங்களில் திரும்புவதற்கு எளிது. கூரையை உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய கூண்டு என்பதால் காற்றின் எதிர்ப்பும் குறைவு. பிள்ளைக்கும் தாயாருக்கும் தந்தையாருக்கும் அதற்குள் படுக்கை. எனக்கும் மனைவிக்கும் வெளியே கூடாரம்.

விற்பனையாளர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் பெருமையோடு எழுப்புவார்கள்: இந்த வண்டி எத்தனை ஆயிரம் கிலோ இழுக்கும் தெரியுமா? தந்தையார் ஒருநாள் பொறுமையிழந்து, "எவ்வளவு இழுக்கும் எண்டு கேக்காதை தம்பி, எவ்வளவு தாங்கும் எண்டு கேள்" என்றார். முழு விடயமும் அதற்குள் அடங்கியிருக்கிறது. சில்லுகளில் உருட்டி இழுப்பது வேறு. முதுகில் சுமப்பது வேறு. ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு நிலையில் ஓர் ஒட்டுத்தாள் காணப்படும். ஆட்களும் பொருள்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேற்படக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். விளம்பரத் தாளில் உள்ள எண் அந்த வகை வண்டிகளுள் மிகக் கூடியதைச் சுமப்பதன் எண். கதவிலுள்ளதோ அந்த ஒரு வண்டிக்கே உரியது. கதவு எண்ணைத்தான் நம்ப வேண்டும். எமது முக்கால் தொன் வண்டியின் கதவில் 1,310 என்று இருந்தது.

அதன்பின் கூண்டைப் பாரவூர்திகள் நிறுக்கும் மேடைத் தராசில் நிறுத்தோம். ஏட்டில் 790 கிலோ என்றிருந்த கூண்டு, மின்கலம், குளிர்பெட்டி, சூடாக்கி, நிழற்சீலை, தாங்குகால்கள் ஆகியவற்றோடு 880 கிலோ ஆயிற்று. எந்தக் கூண்டும் வெறுங்கூண்டாகப் பயணம் போவதில்லை. ஐந்து பேரின் எடை 300. தண்ணீர் 80 லீற்றர் என்றால் 80 கிலோ. புரொப்பேன் உருளைகள் இரண்டும் 34. மேலதிகச் சில்லு ஒன்று 35. உணவு, உடை, ஆயுதங்கள் எல்லாம் சேர்ந்து 110. கூட்டிப் பாருங்கள், மாணவர்களே: 1,439 வரும். கதவு அனுமதித்ததிலும் 129 கிலோ அதிகம்.

திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மயிற்பீலி ஏற்றிய வண்டியானாலும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று கூறியிருப்பதை எட்டாம் வகுப்பில் மனனம் செய்து ஒப்புவித்திருக்கிறேன். அது அரசனுக்குச் சொன்ன உவமை என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். சமையலறை மேசையில் அந்தக் கணக்குத் தாளை வைத்துக்கொண்டு இருந்தபோதுதான், வள்ளுவர் உண்மையாகவே ஒரு வண்டிக்காரனோடு பேசியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எதைக் குறைப்பது? நிழற்சீலையைக் கழற்றினோம், 22 கிலோ போயிற்று. மற்றகாமியிலும் 381 ஆவது கிலோமீற்றரிலும் தண்ணீர் நிரப்பலாம் என்பதால் தண்ணீரைப் பாதியாக்கினோம். கோடை காலமாதலால் ஓர் உருளைப் புரொப்பேன் போதும் என்று கொண்டோம். மேலதிகச் சில்லையும் விடலாம் என்று நான் கருதினேன்; வண்டியின் அடியில் ஏற்கெனவே ஒன்று தொங்குகிறது, சாலையும் தார்ச்சாலை. தந்தையார் இணங்கவில்லை. புறநானூற்றில் ஔவையார், உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சினைப் பொகுட்டெழினி என்னும் இளவரசனுக்கு உவமையாகப் பாடியிருக்கிறார். எருதுகள் இளையன, பாரமோ பெரிது, வழியின் மேடுபள்ளத்தை யார் அறிவார் என்பது அந்த வணிகரின் கவலை. தந்தையார் புறநானூறு படித்தவரல்லர். ஆயினும் அவர் சொன்ன காரணங்கள் அவையே, ஏறக்குறைய அதே வரிசையில். சில்லு வண்டியில் ஏறிற்று.

எஞ்சியது உணவு, உடை, ஆயுதங்கள். இங்கேதான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. எங்கள் தாயார் சமையற் பொருள்களைப் பற்றிப் பெரிய விவாதம் நடத்துவார் என்று நானும் மனைவியும் எதிர்பார்த்திருந்தோம். அவரோ மறுபேச்சின்றித் தம் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். கனத்த சட்டிகள், இடியப்ப உரல், இரண்டாவது போர்வை, தமக்கென வைத்திருந்த சிறு நாற்காலி. "அம்மா, நாற்காலி இருக்கட்டும்" என்றேன். "விட்டிட்டு வாறது எனக்குப் பழக்கம்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

1995 ஒற்றோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறியதைப் பெற்றோர் பலர் அறிவீர்கள். மாணவர்கள் தம் வீட்டாரிடம் கேட்டறியலாம். இலட்சக் கணக்கானோர் ஒரே நேரத்தில், ஒடுங்கிய பாதையால், மழையில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். அப்போது எனக்குப் பதினான்கு வயது. பெற்றோல் கிடைக்காத காலமாதலால் தந்தையாரின் வண்டி மண்ணெண்ணெயில் ஓடிற்று. புறப்படச் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அன்றிரவு அதில் எங்கள் தளபாடம் எதுவும் ஏறவில்லை. நடக்கமுடியாத முதியவர்களை ஏற்றினார். தாயாரின் தையல் இயந்திரம் வாசற்படி வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அதை யாரும் பின்னர் காணவில்லை. அன்று எடையைக் கணக்கிடத் தாளோ தராசோ இருக்கவில்லை.

நாற்காலியை நான் திரும்ப ஏற்றினேன். அதன் எடை மூன்று கிலோ. அதற்கு ஈடாக என் ஆயுதப் பெட்டியிலிருந்து பெரிய சுத்தியலை எடுத்துவிட்டேன். முடிவில் மொத்தம் 1,304 கிலோ. ஆறு கிலோ இடைவெளி. புறப்படும் நாளுக்கு முன்தினம் எல்லோரும் ஏறி அமர்ந்து, அதே மேடைத் தராசில் மீண்டும் நிறுத்துப் பார்த்தோம். பாட்டியும் பேத்தியும் தராசில் நிற்பது இதுவே முதல் தடவை என்று சிரித்தார்கள்.

பாரத்தின் அளவைப் போலவே அது அமரும் இடமும் முக்கியமானது. கூண்டின் புவியீர்ப்பு மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழ வேண்டும். மாட்டு வண்டிக்காரர் இதனை முன்பாரம், பின்பாரம் என்பார்கள். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழுந்து எருதின் கழுத்துக் கயிறு இறுகும். பிக்கப்பில் அதே பிழை நேர்ந்தால் முன்சில்லுகள் இலேசாகித் திசைதிருப்பி தளர்ந்துவிடும். ஆகையால் தண்ணீரும் கனமான பெட்டிகளும் முன்பக்கம், தரையோடு ஒட்டி, இலேசானவை மேலே. கூண்டுக்கும் தட்டுக்கும் இடையில் வழுக்காத இறப்பர் விரிப்பு. நான்கு மூலைகளிலும் திருகி இறுக்கும் கம்பிகள். அக்கம்பிகள் தட்டின் தகட்டில் அல்லாது வண்டியின் சட்டத்தில் பொருத்தப்பட்டவையாய் இருத்தல் நலம். முதல் நூறு கிலோமீற்றரில் அவற்றையும் சில்லு ஆணிகளையும் மீண்டும் இறுக்க வேண்டும். கடையாணி பார்த்தல் என்று தந்தையார் அதற்குப் பெயர் வைத்தார். ஒவ்வொரு தரிப்பிலும் மகள் "கடையாணி பார்த்தாயிற்றா?" என்று கேட்பது வழக்கமாயிற்று.

இனி மருந்துப் பெட்டி. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். வெப்பம் கூடினாலும் கேடு. உறைந்துவிட்டால் முற்றாகப் பயனற்றது. கூண்டில் இருந்த பழைய குளிர்பெட்டி புரொப்பேனில் இயங்கும் வகை. வண்டி மட்டமாக நின்றாலன்றி அது செவ்வனே குளிர்விக்காது. அதை அகற்றி, 12 வோல்ற் மின்னில் இயங்கும் அமுக்கி வகைக் குளிர்பெட்டியைப் பொருத்தினோம். அதற்கென 100 அம்பியர் மணி கொள்ளும் லிதியம் மின்கலம் ஒன்று. 12.8 ஐ 100 ஆல் பெருக்கினால் 1,280 வாற்று மணி. குளிர்பெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 450 வாற்று மணி உண்ணும். ஆகவே வண்டி இரண்டு நாள் அசையாமல் நின்றாலும் மருந்து கெடாது. கூரையில் 100 வாற்றுச் சூரியத் தகடு. ஓடும்போது இயந்திரத்திலிருந்தும் மின்னேறும். இவையெல்லாம் செயலிழந்தால்? மருந்தில் பாதியை வேறாக, நனைத்து வைக்கும் குளிர்ப்பையில் என் மனைவி வைத்திருந்தார். கறையானுக்கும் கள்வனுக்கும் பயந்து நெல்லை இரண்டு கோற்றையில் பிரித்து வைக்கும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். குளிர்பெட்டிக்குள் ஒரு வெப்பமானி; அதன் அளவைக் காலையும் மாலையும் கொப்பியில் பதிவது மகளின் பொறுப்பு. மின்கலத்தைவிட அந்தக் கொப்பிதான் எனக்கு நிம்மதி தந்தது.

எரிபொருளைப் பற்றியும் கூற வேண்டும். தொலைதூரப் பயணம் என்றாலே கூரையில் பெற்றோல் கலன்களை அடுக்குவது பலருக்கு ஒரு மோகம். பார்ப்பதற்கு வீரமாகத்தான் இருக்கிறது. எங்கள் வண்டியின் தாங்கி 136 லீற்றர் கொள்ளும். பாரத்தோடு நூறு கிலோமீற்றருக்கு 20 லீற்றர் என்று கூட்டியே கணக்கிட்டாலும் 680 கிலோமீற்றர் ஓடலாம். மற்றகாமியில் நிரப்பினால் 381 ஐ அடைய 76 லீற்றர் போதும். தீயினாலோ வேறு காரணத்தாலோ பாதிவழியில் திரும்ப நேர்ந்தாலும் போதும். எனவே கலன் எதுவும் கொண்டுபோகவில்லை. மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய தந்தையார் இந்த ஒரு முடிவை மட்டும் ஏற்க இரண்டு நாள் எடுத்தார்.

ஏனையவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூண்டுக்குள் காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் வேண்டும். அந்த வாயுவுக்கு மணமில்லை, உறங்குவோரை எழுப்பாது. புரொப்பேன் காற்றிலும் கனமானது என்பதால் அதற்குரிய கருவி தரையருகே இருக்க வேண்டும். கைத்தொலைபேசிக்கு மாற்றாகச் செய்மதி வழிச் செய்தி அனுப்பும் கருவியொன்றை எடுத்துச் சென்றோம். யூலையில் நுளம்பும் கருவண்டு போன்ற கடிக்கும் ஈயும் மிகுதி. தலையை மூடும் வலை இல்லாமல் வெளியே நின்று சமைக்க இயலாது. பின் ரயர்களில் சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் அமுக்கம், காலையில் குளிர்ந்த நிலையில் பார்த்தது. அந்தி சாய்ந்தபின் ஓடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டோம்; மூஸ் எனப்படும் பெருமான் சாலையில் நின்றால், அதன் கால்களின் உயரத்தால் உடல் முழுவதும் கண்ணாடியின் மேல்தான் வந்து விழும்.

விட்பியில் தொடங்கும் 12 ஆம் இலக்க நெடுஞ்சாலையால் ஒறில்லியா சென்று, 11 ஆம் இலக்கத்தில் ஏறி, நோர்த் பே கடந்து, றூயின்-நொறண்டா, அமோஸ் வழியாக மற்றகாமியை அடைந்தோம். சாலையின் ஆறாவது கிலோமீற்றரில் பெயரைப் பதிந்துகொள்ள ஒரு நிலையம் உண்டு. 257 ஆவது கிலோமீற்றரில் றூபேட் ஆற்றைக் கடக்கிறோம். 2009 இல் அதன் நீரில் பெரும் பகுதி வடக்கே திருப்பப்பட்டது, எனினும் பாலத்தில் நின்றால் இரைச்சல் காதை அடைக்கிறது. றடிசனில் றொபேர்ட் புறாசா நீர்மின் நிலையம். 5,616 மெகாவாற்று ஆற்றலுடையது, நிலத்தின் கீழ் 137 மீற்றர் ஆழத்தில் குடைந்து அமைக்கப்பட்டது. வெள்ளநீர் வெளியேறுவதற்காகப் பாறையில் வெட்டிய பத்துப் படிகளும் அங்கே உள்ளன. ஒவ்வொரு படியும் ஒரு மாடி வீட்டினும் உயரம். தந்தையார் அவற்றைப் பார்த்தபின், சாலை முடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

இன்னும் முடியவில்லை. மேற்கே பிரியும் கிளைச்சாலை கிறீ மக்களின் சிசாசிபி ஊருக்குச் செல்கிறது. மாபெரும் ஆறு என்பது அப்பெயரின் பொருள். அம்மக்கள் முன்பு ஆற்று முகத்திலுள்ள ஃபோர்ட் ஜோர்ஜ் தீவில் வாழ்ந்தார்கள். அணைக்கட்டினால் ஆற்றின் ஓட்டம் மாறித் தீவின் கரை அரிக்கப்படும் என்று அஞ்சியதால், 1980, 1981 ஆம் ஆண்டுகளில் ஊர் முழுவதும் கரைக்குப் பெயர்க்கப்பட்டது. வீடுகள் பலவற்றை அடித்தளத்திலிருந்து தூக்கி ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்திச் சமைத்துக்கொண்டிருந்தபோது, வயதான கிறீ மனிதர் ஒருவர் எங்கள் கூண்டைப் பார்த்தபடி நின்றார். தந்தையார் எவரோடும் பேசிவிடுவார். அவரது ஆங்கிலம் பாரவூர்தித் தரிப்பிடங்களில் கற்றது. வீட்டை எப்படி ஏற்றினீர்கள், எந்தப் பக்கம் பாரம் கூட வைத்தீர்கள் என்றெல்லாம் கேட்டார். அவரும் கைகளால் காட்டிக் காட்டி விளக்கினார். பெரியவர்களின் கல்லறைகள் தீவிலேயே இருக்கின்றன என்றும், கோடையில் அங்கே போய்வருவதாகவும் சொன்னார். தந்தையார் அதைத் தாயாருக்குத் தமிழில் சொன்னார். தாயார் ஒன்றும் பேசாமல், அடுப்பிலிருந்து இறக்கிய பிட்டை நீத்துப்பெட்டியோடு அந்தப் பெரியவரின் கையில் கொடுத்தார்.

அவர் பிட்டை விட அந்தப் பெட்டியையே அதிக நேரம் பார்த்தார். எந்த மரத்தின் ஓலை, யார் முடைந்தது, முடைச்சலை எங்கே தொடங்குவது என்று கேட்டார். தாயார் தம் சிறு நாற்காலியில் அமர்ந்து, விரல்களால் காற்றிலே பின்னிக் காட்டினார். மகள் பனைமரத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை ஆங்கிலத்தில் சொன்னாள். புறப்படும்போது பெட்டியை அவரிடமே வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். மீதி நாள்களுக்கு நாம் பாண்தான் சாப்பிட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து இவ்வாண்டு வருபவர்கள் யாரேனும் இருந்தால், நீத்துப்பெட்டி ஒன்று கொண்டு வரமுடியுமா என்று தாயார் கேட்கச் சொன்னார்.